கடலுக்குச் சொன்னது

அத்தியாயம் 11

பொய் சொல்வதற்குக்கூட ஒரு குடும்பத்தில் ஒற்றுமை வேண்டும். பியோ குடும்பத்தில் வேறு எதற்கு இல்லாவிட்டாலும் அதற்கு இருந்தது. மூத்தவன் மூயோல் மாரடைப்பில் போய்விட்டான் என்று, துக்கம் கேட்க வந்த முதல் ஆளிடம் அப்பா கீதே சொன்னார். அம்மா மால்சூக் மறுக்கவில்லை. தங்கை தாசோம் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான் என்பது அந்த மூன்று பேருக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஒரு வருஷமாக இந்த ஏற்பாடு சிக்கலில்லாமல் ஓடுகிறது.

போன வாரம் அம்மா, குவாங்ஜூவில் வேலை பார்க்கும் தாசோமுக்குப் போன் செய்து, "சனிக்கிழமை வா. அண்ணனுக்கு வருஷம் திரும்புது. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், அப்பா காதுல போட்டுடாத" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த 'ஒண்ணு' என்னவாக இருக்கும் என்று தாசோம் ஆபீஸில் வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாள்.

இன்று சனிக்கிழமை.

சொந்த ஊரான மொக்போவில் பஸ்ஸை விட்டு இறங்கி, துறைமுகத்தை நோக்கிச் சரியும் தெருவில் அவள் நடந்து வந்தபோது, சலவைக்கடை வாசலிலேயே அம்மா நின்றாள். தோளில் துணிப்பை. எதிர்ச்சாரியில் தொடுகறிக் கடை வைத்திருக்கும் ஜுன்ஹா அம்மா உள்ளேயிருந்தபடியே குரல் கொடுத்தாள்.

"தாசோம் அம்மா! அட, தாசோம் அம்மோவ்! நல்ல முள்ளங்கி வந்திருக்கு, எடுத்து வைக்கட்டா?"

அம்மா திரும்பவில்லை.

காதில் விழாமல் இல்லை. இருபத்தொன்பது வருஷமாக அந்தத் தெரு அவளை 'மூயோல் அம்மா' என்றுதான் கூப்பிட்டது. பிள்ளை பெற்றவளுக்குத் தலைப்பிள்ளையின் பெயர்தான் அங்கே பெயர். மால்சூக் என்கிற சொந்தப் பெயர் அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருக்கும். அவன் போன மறுவாரமே, எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததுபோல, தெரு 'தாசோம் அம்மா'வுக்கு மாறிவிட்டது. நல்ல எண்ணத்தில்தான். நல்ல எண்ணத்தில் செய்கிறவர்களைத்தான் தாசோமுக்குப் பிடிப்பதேயில்லை. அவர்களைத் திட்டவும் முடியாது.

"எங்க கிளம்பிட்ட?"

"கடலுக்கு" என்றாள் அம்மா, மார்க்கெட்டுக்கு என்பதுபோல. "பஸ் ஸ்டாப் வரைக்கும் வா. நடந்துகிட்டே சொல்றேன்."

துணிப்பைக்குள் பார்லித் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்க்கும், கடற்பாசித் தாளில் சுருட்டிய சோற்று உருண்டைகளும் இருக்கும். வாரா வாரம் அதேதான். துறைமுகச் சுவரின் கோடிக்குப் போய், கல்லில் உட்கார்ந்து, உருண்டைகளில் பாதியைத் தண்ணீரில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசிவிட்டு வருவாள். அஸ்தியைக் கடலில் கரைத்தாயிற்று என்று அப்பா சொன்ன வாரத்திலிருந்து இது நடக்கிறது.

"உங்க அண்ணனுக்குத் தண்ணின்னா பயம்" என்றாள் அம்மா. "ஞாபகம் இருக்கா? எங்கம்மா வீட்டுத் தீவுக்குப் போற படகுல ஏறினாப் போதும், உங்கப்பா கழுத்தப் பிடிச்சுக்குவான். இறங்குற வரைக்கும் விடமாட்டான். அந்தப் பிள்ளையப் போய் கடல்ல கரைச்சிருக்காங்க."

"ம்."

"கரைச்சது கரைச்சாச்சு. எந்தப் பக்கம்னு தெரிஞ்சா அந்தப் பக்கமாப் போய் உக்காந்து துணைக்கு இருப்பேன். இப்ப குத்துமதிப்பா உக்காந்துகிட்டிருக்கேன்டி. நான் ஒரு பக்கம் பேசிகிட்டிருக்க, அவன் வேற பக்கம் கிடந்தா?"

அழுகை வருகிற இடத்தில் தாசோமுக்குக் கோபம்தான் வரும். "சித்தப்பாவ கேக்கவேண்டியதுதானே? அவர்தானே கரைச்சாரு?"

"கேட்டேன். 'விடுங்க அண்ணி, விடுங்க அண்ணி'ன்னே நழுவுறாரு. உங்கப்பாகிட்ட வாயத் திறந்தாலே எந்திரிச்சுப் போயிடுறாரு. நீ படிச்சவ. வக்கீல் மாதிரி மடக்கிக் கேப்ப."

படிச்சவ. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் தாசோம். அதனால் வாஷிங் மெஷினில் விளக்கு மின்னினாலும் அவள்தான், வரி ஆபீஸிலிருந்து கடிதம் வந்தாலும் அவள்தான். இப்போது அண்ணனை எங்கே கரைத்தார்கள் என்று கண்டுபிடிக்கவும் அவள்தான்.

"கேக்குறேன்" என்றாள்.

"இன்னிக்கே கேளு. இன்னிக்கு அவன் நாள்." அம்மா பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

உண்மையில் இது அம்மாவுக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தெரிய விடவில்லை. பெற்றவர்களை முந்திக்கொண்டு பிள்ளை போவது பெற்றவர்களுக்குச் செய்த பாவமாம். அதனால் தாயும் தகப்பனும் அந்தப் பிள்ளையை எரிக்கிற இடத்துக்குப் பின்னால் போகக் கூடாது, படையல் வைத்துக் கும்பிடக் கூடாது. இரண்டு அத்தைகள் ஆளுக்கொரு கையாகப் பிடித்து அம்மாவை ஓர் அறையில் அடைத்து வைத்தார்கள். "நீ அம்மாவப் பாத்துக்க" என்று தாசோமையும் உள்ளே தள்ளினார்கள். வெளியே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. செத்துப்போன பிள்ளைமேல் குற்றம் சொல்ல ஒரு வழக்கம் இருக்கிறது. பெற்றவள் கடைசியாக ஒரு தடவை பார்க்க ஒரு வழக்கம் இல்லை. இதை நினைத்தால் தாசோமுக்கு இன்றைக்கும் எதையாவது போட்டு உடைக்கத் தோன்றும்.

*

சித்தப்பா மீன்பிடிப் படகுகளுக்குப் பனிக்கட்டி விற்கிறவர். கடைக்குள் எந்திரம் கரகரவென்று ஐஸை உடைத்துக்கொண்டிருந்தது. ரப்பர் பூட்ஸும் சால்வையுமாக நின்றவர் அவளைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"வாங்க பட்டதாரி! சம்பளம் ஏறுச்சா, இல்ல திமிர் மட்டும்தான் ஏறுச்சா?"

"ரெண்டும் பழைய ரேட்டுதான் சித்தப்பா."

"திமிர் குறையலேல்ல, அப்ப உடம்பு நல்லாத்தான் இருக்கு. மீன்சாறு வச்சிருக்கா உங்க சித்தி, ஒரு வாய் குடிச்சுட்டு…"

"அண்ணன எங்க கரைச்சீங்க?"

சித்தப்பா மண்வாரியை ஐஸில் குத்தி நிறுத்தினார். எந்திரத்தை அணைத்தார். திடீரென்று அவ்வளவு அமைதி வந்தது.

"கடல்ல."

"கடல் பெருசு சித்தப்பா."

"பெருசுதான்."

"எந்தப் பக்கம்? படகுலயா, கரையிலேருந்தா? யாரு படகு?"

"ஏன்டி போலீஸ் மாதிரி கேக்குற?"

"அம்மா வக்கீல் மாதிரி கேக்கச் சொல்லுச்சு. எனக்கு இதுதான் வந்துச்சு."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. பூட்ஸ் நுனியால் ஒரு ஐஸ் துண்டைத் தள்ளினார். "அவன் ஏன்டி அப்படிப் பண்ணினான்?" என்றார் மெல்ல. "உனக்காவது தெரியுமா? உன்கிட்ட எல்லாம் பேசுவானே."

தெரிந்த நாலு பேரும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். தாசோமும் ஒரு வருஷமாக நின்றவள்தான். கப்பல் பட்டறையில் போன வேலை, விட்டுப்போன அந்தப் பெண், சிரித்துக்கொண்டே "தூக்கம் வரல தாசோம்" என்று அவன் சொன்னது. ஒவ்வொன்றையும் எடுத்து நிறுத்திப் பார்த்தாள். எதுவும் தனியாக நிற்கவில்லை. ஒரே ஒரு காரணம் அகப்பட்டிருந்தால் அதன் சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருப்பாள்.

"தெரியாது சித்தப்பா. அவன் நோவு எங்க யாருக்கும் தெரியல. அதுதான் தெரியும்."

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அப்புறம், "நான் கரைக்கலடி" என்றார்.

"என்னது?"

"அஸ்திப் பெட்டிய வாங்கிட்டுத் துறைமுகத்துக்குப் போனேன். படகுக்குச் சொல்லி வச்சிருந்தேன். பாத்தா, பின்னாடியே உங்க சலவைக்கடை வேன் வந்து நிக்குது. உங்கப்பா. 'அண்ணே, தகப்பன் வரக் கூடாது, ஆகாது'ன்னேன். ஒரு வார்த்தை பேசல. பெட்டிய என் கையிலேருந்து வாங்கினாரு. 'நீ வீட்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன்'னாரு."

"நீங்க போயிட்டீங்க."

"போகாம? எனக்கு அண்ணன் அவரு. திரும்பிப் பாத்தேன். வேனுக்குள்ள பெட்டிய மடியில வச்சுகிட்டு உக்காந்திருந்தாரு. சாயங்காலம் போன் பண்ணிக் கேட்டேன். 'ஆச்சு'ன்னாரு. அதுக்கு மேல நான் கேக்கல."

"இதை அம்மாகிட்ட சொல்றதுக்கு என்ன?"

"போகக் கூடாத எடத்துக்கு உங்க புருஷன் போனாருன்னு சொல்லவா? அண்ணன் வாயால 'நான் போனேன்'னு வராத வரைக்கும் நான் எப்படிடி சொல்றது?"

இந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் துரோகம் செய்ய மாட்டார்கள். அதனாலேயே யாருக்கும் எதுவும் தெரியாது.

*

அவள் கடைக்குள் நுழைந்தபோது அப்பா கால்சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே, கூரை முழுக்க ஓடும் கம்பிகளில், பிளாஸ்டிக் உறை போட்ட துணிகள் நெருக்கியடித்துத் தொங்கின. கோட்டுகள், பள்ளிச் சீருடைகள், யாருடைய கல்யாணத்துக்கோ வாங்கிய பட்டு உடைகள். வாசலருகே இருப்பவை இன்று நாளைக்குள் போகிறவை. உள்ளே போகப் போக நாள்பட்டவை. கோடியில், கழிப்பறைக் கதவுக்கு மேலே, ஆள் வந்து கேட்காமலேயே விட்டுப்போனவை.

"சாப்பிட்டியா?" என்றார் அப்பா, நிமிராமல்.

"அண்ணன எங்க கரைச்சீங்க?"

இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

"கடல்ல."

"எந்தக் கடல்ல?"

"படிச்சவதானே நீ. இந்த ஊர்ல எத்தன கடல் இருக்கு?"

"அந்தப் பேச்செல்லாம் வேணாம்ப்பா. சித்தப்பா சொல்லிட்டாரு. நீங்கதான் வாங்கிட்டுப் போனீங்க. போகக் கூடாதுன்னு அம்மாவப் பூட்டி வச்சுட்டு நீங்க மட்டும் போனீங்க."

அப்பா கால்சட்டையைத் திருப்பிப் போட்டார்.

"அம்மா வாரா வாரம் போகுது. மழையிலயும் போச்சு. பனியில வழுக்கி விழுந்து முட்டியத் தேச்சுக்கிட்டு வந்துச்சே, அன்னிக்கு நீங்கதானே மருந்து போட்டு விட்டீங்க? ஒரு எடத்தக் கையக் காட்டினா உங்களுக்கு என்ன குறைஞ்சுடும்? அது கேக்குறது அவ்வளவுதான். புள்ள எங்க இருக்கான்னு. அது ஒரு தாய் கேக்கக் கூடாத கேள்வியா?"

"கத்தாத. தெருவுல கேக்கும்."

"கேக்கட்டும்! இந்தத் தெரு தெரு தெருன்னே…"

அவள் சொல்லவந்ததை நிறுத்தினாள். அப்பா தேய்த்த கால்சட்டையில், மடிப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு மடிப்பு விழுந்திருந்தது. இரட்டைக் கோடு. சலவைக்காரனுக்கு அதைவிட மானக்கேடு கிடையாது. அவருக்குக் கீழே வேலை பழகியபோது மூயோல் ஒருமுறை அப்படிப் போட்டதற்கு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தவர் அவர்.

அப்பா இஸ்திரிப் பெட்டியை அணைத்துத் தாங்கியில் நிறுத்தினார். கொக்கி வைத்த நீளக் கழியை எடுத்தார். ஸ்டூலை இழுத்துக்கொண்டு கடையின் கோடிக்குப் போனார். ஆள் வராத துணிகளைக் கழியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கினார். அவற்றுக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை. ஸ்டூலில் ஏறி, ஒரு நீளக் கோட்டு உறைக்குள் சுற்றியிருந்த எதையோ, தூங்குகிற குழந்தையை எடுப்பதுபோல் இரண்டு கையாலும் எடுத்து இறங்கினார்.

இஸ்திரி மேசைமேல் வைத்து உறையின் ஜிப்பைத் திறந்தார்.

வெள்ளைத் துணியில் கட்டிய பெட்டி. முடிச்சில் மஞ்சள் சீட்டு ஒன்று ஊக்கால் குத்தியிருந்தது. கடைக்குள் வரும் எந்தப் பொருளும் சீட்டு இல்லாமல் இருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். சீட்டில் அவர் கையெழுத்து: பியோ. அவசரம் இல்லை.

தாசோம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"படகுல ஏறியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார் அப்பா. துணி வாங்க வந்தவரிடம் சால்ஜாப்பு சொல்கிற குரல்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று வந்தது. "ஏற முடியல. கழுத்துல அவன் கை இருக்கற மாதிரியே இருந்துச்சு. எப்படிம்மா இவனத் தண்ணியில விடுறது? நாளைக்குச் செய்வோம்னு கொண்டுவந்து வச்சேன். உங்கம்மா கேட்டா, ஆச்சான்னு. நாளைக்குத்தான் ஆயிடுமேன்னு, ஆச்சுன்னு சொல்லிட்டேன்."

"மறுநாள்?"

"போனேன். முடியல. அடுத்த வாரமும் போனேன். அதுக்குள்ள அவ கடலுக்குப் போக ஆரம்பிச்சுட்டா. அதுவரைக்கும் பச்சத்தண்ணி இறங்கல அவளுக்கு, நீதான் பாத்தியே. கடலுக்குப் போயிட்டு வந்தன்னிக்குத்தான் ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்டா. அவ சாப்பிடுறதப் பாத்துட்டு, அங்க ஒண்ணும் இல்ல, இங்க இருக்கான்னு எந்த வாயால சொல்ல?"

"ஒரு வருஷமாப்பா! இதே மேசைகிட்ட நின்னு அது துணி மடிக்குது. தலைக்கு மேல அவன வச்சுகிட்டு, கடல்ல தேட விட்டிருக்கீங்க!"

"ஆமா" என்றார் அப்பா.

அந்த ஆமாவை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சண்டைக்கு வந்த ஆளுக்கு எதிராளி மறுத்துப் பேச வேண்டும். இவர் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார். அறுபது வயசு ஆள், நெஞ்சில் அளவு நாடாவோடு. பெட்டியைப் பார்த்தாள். அண்ணன் அவளைவிட ஒன்றரைத் தலை உயரம். அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

வாசல் மணி கிணுங்கியது.

"யாருமில்லையா? கீரை அடையும் மீன் அடையும் போட்டேன், சூடா இருக்கு" என்றபடி ஜுன்ஹா அம்மா, தட்டைத் துணியால் மூடிக்கொண்டு வந்தாள். "இன்னிக்கு நாள்னு தெரியும். படையல் இருக்காதுன்னும் தெரியும். சும்மா வாயில போட்டுக்கறதுக்கு…"

அவள் கண் மேசைக்குப் போய்விட்டது. வெள்ளைத் துணி முடிச்சைப் பார்த்து, அது என்னவென்று தெரியாத ஆள் அந்த ஊரில் இல்லை.

"இது வந்து…" என்று ஆரம்பித்தார் அப்பா. "வாடிக்கைக்காரர் ஒருத்தர்…"

தாசோம் கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லப் போகிறார். இதற்கும் ஒரு பொய் ரெடியாக வைத்திருக்கிறார். நாளையிலிருந்து நாமும் இந்த வாடிக்கைக்காரர் கதைக்குத் தலையாட்ட வேண்டும்.

அப்பா முடிச்சில் குத்தியிருந்த மஞ்சள் சீட்டைப் பார்த்தார்.

"இல்ல" என்றார் அப்பா. "ஜுன்ஹா அம்மா, இது எங்க மூயோல்."

"ஐயோ."

"கடல்ல கரைக்கல. நான்தான் வச்சிருக்கேன். மாரடைப்பும் இல்ல. மாரடைப்புன்னு சொன்னது நான். அவன்… அவனேதான் போயிட்டான். அவனா முடிச்சுக்கிட்டான்."

ஒரு வருஷத்தில் அந்த வீட்டுக்குள்கூட யாரும் அந்தச் சொற்களை உரக்கச் சொன்னதில்லை. சொன்னதும் கூரை இடிந்துவிடவில்லை. தெருவில் யாரோ ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தார்கள்.

ஜுன்ஹா அம்மா தட்டை ஓரமாக வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும் மூயோல் அப்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். முத வாரமே தெரியும். நீங்க மாரடைப்புன்னீங்க, நாங்களும் மாரடைப்புன்னோம். எங்க வீட்ல ஜுன்ஹா வாய் தவறிப் பேசினான், ரெண்டு போட்டேன். நீங்க சொல்லாம நாங்க எப்படிங்க சொல்றது?"

தாசோமுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்தப் பக்கம் மூன்று பேர் தெருவுக்காக நடித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் தெருவே மூன்று பேருக்காக நடித்திருக்கிறது. பார்க்க ஆளே இல்லாத நாடகத்துக்கு ஒரு வருஷம் எல்லாரும் வேஷம் கட்டியிருக்கிறோம். அந்த நேரமெல்லாம் யாராவது ஒருத்தர் வந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

"அதுக்கில்ல…" என்று மேலே ஏதோ சொல்லப்போன ஜுன்ஹா அம்மா, வாசலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

கதவை முதுகால் தாங்கிப் பிடித்தபடி அம்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள், எந்தப் பேச்சிலிருந்து கேட்டாள், தெரியவில்லை. செருப்பும் பாவாடை விளிம்பும் கடல் தண்ணீரில் நனைந்திருந்தன.

அம்மா கூச்சல் போடவில்லை. மேசையைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"எது மூயோல்?" என்றாள்.

தாசோம்தான் காட்டினாள்.

அம்மா பையைக் கீழே வைத்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கிட்டே வந்து, வெள்ளைத் துணிமேல் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் பார்க்கிற மாதிரி வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை.

"எங்க இருந்தான்?"

அப்பா கடையின் கோடியைக் காட்டினார். அம்மா அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

"அங்கேயா? நீராவியெல்லாம் அங்கதானே போய் அடையும். கோடை மாதிரி வேகுமே. எப்படி இருந்தான் அங்க?"

"மூயோல் அம்மா…" என்றார் அப்பா.

அப்போதுதான் அவள் அவரைப் பார்த்தாள். கீழே கிடந்த பையை எடுத்து, முழு பலத்தோடு அவர் நெஞ்சில் அடித்தாள். பிளாஸ்க் உருண்டு ஓடியது. இன்னொரு முறை அடித்தாள். "மழையில நின்னேங்க! குளிருதாடா, குளிருதாடான்னு தண்ணியக் கேட்டுகிட்டு நின்னேன்! பைத்தியம்னு மீன்காரி சிரிச்சா! நீங்க இங்க… நீங்க இங்க…" மூன்றாவது அடிக்குக் கை எழவில்லை. அப்பா விலகவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

ஜுன்ஹா அம்மா ஓசையில்லாமல் வெளியே போனாள். போகிறபோது கதவில் தொங்கிய பலகையை 'மூடியிருக்கிறது' பக்கமாகத் திருப்பிவிட்டுப் போனாள்.

*

கடைக்குப் பின்னாலேயே வீடு. குட்டை மேசையின் சுவரோரம் மூயோல் உட்காருகிற இடத்தில் அம்மா பெட்டியை வைத்தாள். அதன்முன் ஒரு கிண்ணம் சோறு, ஜுன்ஹா அம்மா கொண்டுவந்த அடைகள், காரம் போட்டு ஊறவைத்த முள்ளங்கிக் கிம்ச்சி. செத்தவர்களுக்குப் படைக்கிறபோது செய்வதுபோல் கரண்டியைச் சோற்றில் நட்டாள்.

அப்பா நிலைப்படிக்கு வெளியே நின்றார். "நாம படைக்கக் கூடாது. பெத்தவங்க கும்பிடக் கூடாது."

"யாரு கும்பிடுறா?" என்றாள் அம்மா. "பையன் வந்திருக்கான். பசியோட வந்திருக்கான். சோறு போடுறேன். இதுக்கும் சட்டம் வச்சிருக்கீங்களா?"

தாசோம் தங்கை. அவள் கும்பிடலாம். இரண்டு முறை தரையில் நெற்றி படக் கும்பிட்டாள். இரண்டாவது முறை எழுந்திருக்க நேரமானது. அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"போதும். எந்திரி."

கடைப்பக்கம் கொதிகலன் ஆறிக்கொண்டே டிக் டிக்கென்று சத்தம் போட்டது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"அப்ப நான் கடல்ல பேசினது எதுவுமே இவன் காதுல விழல" என்றாள் அம்மா, தனக்குத்தானே கணக்குப் போடுவதுபோல.

"அம்மா, அப்படியெல்லாம்…"

"விழலடி. இவன் இங்க இருந்திருக்கான்." அவள் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முத தடவ போனேனே, அன்னிக்கே ஒண்ணு சொன்னேன். சொன்னப்புறம்தான் எனக்குச் சோறு இறங்குச்சு. கேட்டுட்டான், மன்னிச்சுட்டான், அதான் தொண்டை திறந்துச்சுன்னு நினைச்சேன்."

"என்னத்தச் சொன்ன?" நிலைப்படியிலிருந்து அப்பா.

"உங்ககிட்ட சொல்லல. இவகிட்டயும் சொல்லல. கடலுக்கு மட்டும்தான் சொன்னேன்."

அப்படி யாரிடமும் சொல்லாத ஒன்று, 'தூக்கம் வரல' என்று அவன் சொன்னது, தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று தாசோம் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வேணாம்மா. நீ களைச்சிருக்க. அப்புறம் சொல்லிக்கலாம்."

"இன்னிக்குத்தான். எல்லாத்தையும் அப்புறம் அப்புறம்னு பரண்ல ஏத்தி வச்சதத்தான் பாத்தியே." அம்மா பக்கத்தில் தரையைத் தட்டினாள். "நீ இங்க உக்காரு. ஏங்க, நீங்களும். தனியா இன்னொரு தடவ சொல்ல எனக்குச் சக்தி இல்ல. மூணு பேரும் கேளுங்க."

அப்பா படியைத் தாண்டவில்லை. அம்மா இன்னொரு முறை கூப்பிடவுமில்லை. காத்திருந்தாள். கடைசியில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா பெட்டியைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பினாள்.

"மூயோல்" என்றாள். குரல் நடுங்கவில்லை. "அந்தக் கடைசி ராத்திரி நீ போன் பண்ணினப்ப அம்மா தூங்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். தூங்கலடா. முழிச்சுத்தான் இருந்தேன். போன் கையிலதான் இருந்துச்சு. எடுக்கலடா."

அப்பா தலை நிமிரவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.